கோத்தகிரிச் சரிவில் மண்ணைப் பிடித்து வைத்தவை

மண் அரிப்பு என்று பேச்செடுத்தாலே "மரம் நடணும்" என்றுதான் பெரும்பாலும் பதில் வரும். கோத்தகிரிப் பக்கம் ஒரு சரிவைக் குத்தகைக்கு எடுத்துக் கேரட்டும் உருளையும் போட்டு வரும் எனக்கு, அந்தப் பதிலில் பாதிதான் சரி என்று படுகிறது. மரம் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் மழை கொட்டுகிற அந்த அரை மணி நேரத்தில் மண்ணை நகரவிடாமல் பிடித்து வைப்பவை எல்லாம் நம் முழங்காலுக்குக் கீழேதான் இருக்கின்றன. புல், சருகு, பாசி, பெரணி, மண்ணுக்குள் மயிரிழை போல ஓடும் வேர்கள், மண்புழு போட்ட துளைகள். இவை போய்விட்டால் மேலே எத்தனை மரம் நின்றாலும் பயன் குறைவு.

இதைப் புத்தகம் பார்த்துச் சொல்லவில்லை. என் நிலத்துக்கு ஒரு பக்கம் சின்னதாக ஒரு சோலைக்காடு இருக்கிறது. இன்னொரு பக்கம் கற்பூர மரத் தோப்பு, அதாவது யூகலிப்டஸ். கீழே ஓடையில் மூன்று இடத்துத் தண்ணீரும் வந்து சேரும். ஐப்பசி மழையில் போய் நின்று பார்த்தால் கணக்கு கண்ணுக்கே தெரியும். சோலைக்குள்ளிருந்து வரும் தண்ணீர் கொட்டும் மழையிலும் கிட்டத்தட்ட தெளிவாக இருக்கும், சருகின் சாயம் இறங்கி லேசாகப் பழுப்பு தட்டியிருக்கும், அவ்வளவுதான். கற்பூர மரத் தோப்பிலிருந்து வருவது கலங்கல். காய்கறி நிலங்களிலிருந்து வருவது பால் கலந்த டீ மாதிரிக் கெட்டியாக இறங்கும்.

யார் வேண்டுமானாலும் செய்து பார்க்கக்கூடிய சோதனை ஒன்று உண்டு. ஒரே அளவுள்ள பிளாஸ்டிக் பாட்டில்களை எடுத்துக்கொள்ளுங்கள். மழை நடக்கும்போதே ஒவ்வொரு இடத்துத் தண்ணீரையும் கழுத்து வரை பிடித்து, எது எங்கே பிடித்தது என்று எழுதி ஒட்டி, ஓரமாக வைத்துவிடுங்கள். மறுநாள் காலையில் அடியில் எத்தனை விரற்கடை வண்டல் தங்கியிருக்கிறது என்று பார்த்தால் எந்த இடத்தில் முதலில் கை வைக்க வேண்டும் என்பது புரிந்துவிடும். என் நிலத்திலேயே மேல் பாத்தியைவிட, கீழே இரண்டு வாய்க்கால் சேரும் மூலையில்தான் அதிகம் போய்க்கொண்டிருந்தது என்பது இப்படித்தான் தெரிய வந்தது.

கற்பூர மரத் தோப்பில் ஏன் கலங்கல் வருகிறது? மரம் நெருக்கமாகத்தானே நிற்கிறது? இங்கேதான் மழைத்துளியின் வேலையைக் கவனிக்க வேண்டும். 5 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள பெரிய துளி ஒன்று வினாடிக்குச் சுமார் 9 மீட்டர் வேகத்தில் தரையில் மோதுகிறது. வெறும் மண்ணில் விழுந்தால் மண்கட்டி சிதறி, துகள்கள் நாலாபுறமும் தெறிக்கும். சரிவாக இருந்தால் மேலே தெறிப்பதைவிடக் கீழே தெறிப்பது அதிகம். தெறித்த நுண்துகள்கள் மண்ணின் சின்னச் சின்னத் துளைகளை அடைத்துக்கொண்டு ஒரு மெல்லிய படலமாகப் படிந்துவிடும். அப்புறம் தண்ணீருக்கு உள்ளே இறங்க வழியில்லை. மேலேயே ஓட ஆரம்பிக்கும். மண் அரிப்பு ஓடையில் தொடங்குகிறது என்று நாம் நினைக்கிறோம். உண்மையில் அது துளி விழும் இடத்திலேயே தொடங்கிவிடுகிறது.

உயரமான மரத்தின் இலை துளியைத் தடுக்கத்தான் செய்கிறது. ஆனால் தூறல் துளிகள் எல்லாம் இலை நுனியில் ஒன்றுசேர்ந்து பெரிய துளியாகிச் சொட்டும். சுமார் 8 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்தாலே அது பழைய வேகத்தைக் கிட்டத்தட்ட முழுதாகப் பிடித்துவிடும். அடியில் புதரும் சருகும் இருந்தால் கவலையில்லை. கற்பூர மரத்தின் கீழே வேறு செடி அதிகம் வராது. விழுந்த சருகையும் சுள்ளியையும் விறகுக்கு வாரிக்கொண்டு போய்விடுகிறார்கள். தரை மொட்டையாகக் கிடக்கும். அந்தத் தரையில் பெரிய துளி விழுகிறது. தேக்குத் தோப்புகளிலும் இதே கதைதான். மரம் நட்ட இடமெல்லாம் மண் காப்பாற்றப்பட்ட இடம் என்று ஏமாந்துவிடக் கூடாது.

சோலைக்குள் நிலைமை வேறு. மரங்கள் குட்டை. தலைகள் ஒன்றோடொன்று இடித்துக்கொண்டு நிற்கும். கிளையெல்லாம் பாசி. அதன் கீழே புதர், அதன் கீழே பெரணி, அதன் கீழே கால் வைத்தால் அமுங்குகிற சருகு மெத்தை. துளி தரையைத் தொடுவதற்குள் அதன் வேகமெல்லாம் போய்விடும்.

நீலகிரியின் மேல்மலைகளில் இயற்கை தானாக வைத்திருந்தது இந்தச் சோலையும் புல்வெளியும்தான். மடிப்புகளில், ஓடை தொடங்கும் பள்ளங்களில் சோலை. முதுகுகளிலும் திறந்த சரிவுகளிலும் புல். 19ஆம் நூற்றாண்டில் இங்கே வந்த ஆங்கிலேயர்களுக்கு அந்தப் புல்வெளி வீண் நிலமாகத் தெரிந்தது. 1840களிலிருந்து கற்பூர மரமும் சீகை மரமும் (வாட்டில்) ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து இறங்கின. விறகுக்கும் தோல் பதனிடும் பட்டைக்கும் அவை உதவின என்பது உண்மை. ஆனால் ஊட்டியிலுள்ள மண், நீர்ப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையம் கிளென்மார்கன் பகுதியில் பக்கத்துப் பக்கத்தில் இருந்த இரண்டு நீர்ப்பிடிப்புகளைப் பல ஆண்டுகள் அளந்து பார்த்தது. ஒன்றில் புல்லும் சோலையும் அப்படியே விடப்பட்டன. மற்றதில் பெரும்பகுதியில் கற்பூர மரம் நடப்பட்டது. மரம் நட்டதில் ஓடை நீர் முதல் சுற்றில் சுமார் 16 சதவீதமும், வெட்டித் துளிர்த்த அடுத்த சுற்றில் சுமார் 25 சதவீதமும் குறைந்தது. மண்ணைக் காக்கத் தண்ணீரை விலையாகக் கொடுக்க வேண்டியதில்லை. புல் இரண்டையும் பார்த்துக்கொண்டது.

புல்லைப் பற்றி எனக்கு முதலில் சொன்னவர் அப்பா. இலங்கையின் மலையகத்தில் பிறந்து, சாஸ்திரி-சிறிமாவோ ஒப்பந்தத்தில் குடும்பத்தோடு இங்கே வந்து தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். சின்ன வயதில் அங்கே கான் வெட்டும் வேலை செய்திருக்கிறார். இந்த ஊர்க்காரர்கள் வாய்க்கால் என்பதை அவர் கடைசி வரை கான் என்றுதான் சொன்னார். "மரத்தோட வேரு தூரத்துல போயி எதையோ தேடும்பா. புல்லோட வேருதான் இருக்குற எடத்துல மண்ண விடாது" என்பார். ஒரு புல் தூரைப் பிடுங்கிப் பார்த்தால் அவர் சொன்னது விளங்கும். வேரோடு ஒட்டிய மண் உதறினாலும் விழாது. வேர் கசியும் பசையும், மண்ணிலுள்ள பூஞ்சை இழைகளும், மண்புழுவின் எச்சமும் சேர்ந்து துகள்களைச் சின்ன உருண்டைகளாக ஒட்டி வைத்திருக்கும். அந்த உருண்டைகளுக்கு இடையே உள்ள சந்துகளில்தான் மழைநீர் உள்ளே இறங்குகிறது.

இதற்கும் ஒரு சோதனை இருக்கிறது. சோலை ஓரத்திலிருந்து ஒரு மண்கட்டி, பாத்தியிலிருந்து ஒரு மண்கட்டி எடுத்து, நிழலில் நன்றாக உலரவிட்டு, இரண்டையும் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் மெதுவாக இறக்குங்கள். ஆண்டுக்கணக்கில் கொத்திக் கொத்தி, உப்பு உரம் மட்டும் போட்ட மண் சில நிமிடங்களில் பொலபொலவென்று கரைந்து சேறாகிவிடும். சோலை மண் நெடுநேரம் உருக்குலையாமல் கிடக்கும். நான் குத்தகைக்கு எடுத்தபோது இந்த நிலத்து மண்ணும் அப்படிக் கரைகிற ரகம்தான். தொழு உரமும், மூடாக்கும் (மண்ணின் மேல் பரப்பும் தழை, சருகு), இடையில் ஒரு பசுந்தாள் பயிரும் போட்டு வந்த பிறகு இப்போது கட்டி உடனே கரைவதில்லை. சோலை மண்ணாக இன்னும் ஆகவில்லை, அதற்கு என் ஆயுள் போதாது.

எவ்வளவு மண் போகிறது என்று கேட்பவர்களுக்கு ஒரு எளிய கணக்கு. ஒரு ஏக்கரில் வெறும் 1 மில்லிமீட்டர் மண் போனால் அது சுமார் 4 கன மீட்டர், எடையில் ஏறத்தாழ 5 டன். அதாவது ஒரு லாரிச் சுமை. 1 மில்லிமீட்டர் போனது கண்ணுக்குத் தெரியவே தெரியாது. அந்த அளவு மண் பாறையிலிருந்து உருவாகப் பல பத்தாண்டுகள் ஆகும். போவதும் மேல் மண், நாம் காசு கொடுத்து வாங்கிப் போட்ட உரமும் கோழி எருவும் இருக்கிற மண். மலை உருளைக்காரர்களுக்கு இன்னொரு தொல்லை. 1961இல் ஊட்டியில் கண்டறியப்பட்ட முட்டைக்கூடு நூற்புழு, மண்ணோடு மண்ணாக அடித்துக்கொண்டு மேல் நிலத்திலிருந்து கீழ் நிலத்துக்கு வந்து சேரும். மேல்நிலத்துக்காரர் மண்ணைக் காப்பாற்றினால் கீழ்நிலத்துக்காரரின் உருளையும் பிழைக்கிறது.

சரி, நிலத்தில் என்ன செய்யலாம்?

முதலில் வரப்பைச் செதுக்குவதை நிறுத்த வேண்டும். எங்கள் பக்கம் படிக்கட்டு நிலங்களின் செங்குத்தான முகப்பை மண்வெட்டியால் சுத்தமாக வழித்து விடுவது வழக்கம். களை உள்ளே வராது, எலி தங்காது, அந்த மண் பாத்திக்கு உரமாகும் என்று மூன்று காரணம் சொல்வார்கள். மூன்றும் ஓரளவு உண்மைதான். ஆனால் மழையில் முதலில் சரிவது அந்த முகப்புதான். முகப்பு ஓரிடத்தில் இடிந்தால் மேல்படியின் தண்ணீர் முழுதும் அந்த வழியாகப் பாய்ந்து கீழ்ப்படியை அறுத்துவிடும். நான் முகப்பில் புல்லை விட்டுவைத்து, பூ விடுவதற்கு முன் அரிவாளால் அறுத்து விடுகிறேன். வேர் இருக்கும், விதை விழாது. அறுத்த புல் மாட்டுக்கோ மூடாக்குக்கோ ஆகும். பக்கத்து நிலத்து அண்ணன் ஒருவர், "என்ன தம்பி, நிலத்தக் காடாக்கி வச்சிருக்கீங்க?" என்று கேட்டுக்கொண்டே போவார். அவருக்கு நேரில் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை, மழை முடிந்ததும் அவரே வந்து என் முகப்பை நின்று பார்த்துவிட்டுப் போனார். அடுத்த பருவத்தில் பாதி முகப்பைச் செதுக்காமல் விட்டார். பாதி!

இரண்டாவது, வரிசையின் திசை. மேலிருந்து கீழாகக் கரை (செடி நடும் மண்மேடு) பிடிப்பதுதான் இங்கே பரவலான பழக்கம். நடுவதும் களை எடுப்பதும் சுலபம், தண்ணீர் தேங்காது, கிழங்கு அழுகாது. இந்த அழுகல் பயத்தைச் சும்மா தள்ளிவிட முடியாது. குறுக்கே ஒரே மட்டமாகக் கரை பிடித்தால் கனமழையில் தண்ணீர் தேங்கும், ஓரிடத்தில் உடையும், உடைந்தால் மேலிருந்து கீழ் வரை வரிசையாக எல்லாக் கரையும் உடையும். எனக்குச் சரிப்பட்டு வந்தது நடுவழி. சரிவுக்குக் குறுக்காகவே கரை, ஆனால் நூறு அடிக்கு அரை அடியிலிருந்து ஓர் அடி வரை ஒரு பக்கமாக வாட்டம். தண்ணீர் கரையோரம் மெதுவாகப் போய், புல் படர்ந்த ஒரு வடிகாலில் இறங்கும். அந்த வடிகாலைக் கொத்தவே கூடாது.

மட்டம் பார்க்கப் பெரிய கருவி வேண்டாம். ஆளுயரக் கம்புகள் இரண்டை உச்சியில் கட்டி, நடுவில் குறுக்குக் கம்பு வைத்து, உச்சியிலிருந்து கயிற்றில் ஒரு கல்லைத் தொங்கவிட்டால் போதும். இரண்டு காலையும் தரையில் ஊன்றிக் கயிறு தொடும் இடத்தில் குறுக்குக் கம்பில் ஒரு கோடு. கால்களை இடம் மாற்றி ஊன்றி இன்னொரு கோடு. இரண்டுக்கும் நடுப்புள்ளியில் கயிறு நின்றால் அது மட்டம். கொத்தனார்கள் பயன்படுத்தும் தண்ணீர் டியூப் இருந்தால் இன்னும் நல்லது.

மண்ணைத் தடுக்கச் சரிவுக்குக் குறுக்கே புல்லும் வரிசையாக நடலாம். அந்த வரிசைகளுக்கு இடையே எவ்வளவு இடம் விடுவது? கீழ் வரிசையில் நேராக நின்று, தலையைச் சாய்க்காமல் எதிரே சரிவைப் பாருங்கள். கண் மட்டம் எங்கே தரையில் இடிக்கிறதோ அங்கே அடுத்த வரிசை. சரிவு அதிகமானால் வரிசைகள் தானாக நெருங்கிவிடும். வரிசைக்குப் பின்னால் ஆண்டாண்டாக வண்டல் தங்கித் தங்கி, மண்வெட்டி போடாமலே படி உருவாகும்.

எந்தப் புல் என்பது உயரத்தைப் பொறுத்தது. வெட்டிவேரைப் பற்றி எல்லோரும் புகழ்வார்கள், அதன் வேர் நேர்கீழாக 3 மீட்டருக்கு மேலும் இறங்கும், பக்கத்தில் பரவிப் பயிருக்குத் தொல்லை தராது. ஆனால் அது வெப்பத்தை விரும்பும் புல். உறைபனி விழும் ஊட்டி உயரத்தில் மந்தமாகிவிடும். கோத்தகிரிக்குக் கீழே, வெயில் படும் சரிவுகளில் நன்றாக வருகிறது. குவாத்தமாலா புல் தேயிலைத் தோட்டங்களில் மண்ணைத் தேற்ற நெடுநாளாகப் பயன்படுவது. மாடு வைத்திருப்பவர்கள் கம்பு நேப்பியர் வைக்கலாம், ஆனால் உரம் இழுக்கும், பக்கத்துப் பாத்தியின் வெயிலை மறைக்கும். கிகுயு புல் தரையை மூடுவதில் கெட்டிக்காரப் புல். ஓடைக்கரைக்கும் வடிகாலுக்கும் சரி. பாத்தி ஓரத்தில் மட்டும் வைக்காதீர்கள். ஒரு மழைக்காலத்தில் உள்ளே வந்துவிடும், அப்புறம் அதை எடுப்பதற்குள் இடுப்பு ஒடிந்துவிடும்.

மூன்றாவது, மழையின் நாட்காட்டி. மேற்கே அவலாஞ்சி, கூடலூர் பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டும்போது கிழக்கே இருக்கும் எங்களுக்குப் பெரும்பாலும் தூறல்தான். எங்களுக்குக் கனமழை ஐப்பசி, கார்த்திகையில். ஆகவே அந்த இரண்டு மாதமும் நிலம் மொட்டையாக இருக்கக் கூடாது. கார்போக உருளையைத் தோண்டி எடுத்ததும் மண் மாவாகக் கிடக்கும். கிழங்குப் பயிரில் அறுவடையே ஒரு உழவுதான். அப்படியே விட்டால் முதல் கனமழைக்கே போய்விடும். கடைபோகம் (ஆண்டின் கடைசிப் பயிர்) போடாத பாத்திகளில் லூபின் விதைத்து விடுகிறேன், பயறு வகை என்பதால் தழைச்சத்தும் சேரும். அதற்கும் நேரமில்லை என்றால் உருளைத் தழை, அறுத்த புல், எது கிடைத்தாலும் பரப்பி விடுங்கள். முக்கால்வாசித் தரை மறைந்தாலே தண்ணீரின் நிறம் மாறுவதைப் பாட்டிலில் பார்க்கலாம்.

தேயிலை வைத்திருப்பவர்களுக்கு இதிலேயே ஒரு குறிப்பு. வளர்ந்த தேயிலை தரையை முழுதாக மூடிவிடும், அரிப்பு குறைவு. ஆபத்து இளஞ்செடியாக இருக்கும் ஆண்டுகளிலும் கவாத்து முடிந்த மாதங்களிலும்தான். கவாத்துக் குச்சிகளை விறகுக்கு எடுத்துப் போகாமல் வரிசைக்கு நடுவே போட்டுவிட்டால் பெரும்பகுதி அபாயம் தீர்ந்தது.

ஏற்கெனவே பள்ளம் அறுத்துவிட்ட இடத்தில் புல் மட்டும் நிற்காது. கல் தடுப்பு போட வேண்டும். எப்போதும் மேலிருந்து தொடங்குங்கள், அங்கே தண்ணீர் குறைவு. தடுப்பு முழங்கால் உயரத்துக்கு மேல் வேண்டாம். முக்கியமானது, நடுப்பகுதி இரண்டு ஓரங்களையும்விடத் தாழ்ந்திருக்க வேண்டும். மட்டமாக அடுக்கினால் தண்ணீர் ஓரத்தை அறுத்துக்கொண்டு புது வழி போட்டுவிடும். தண்ணீர் தாண்டி விழும் இடத்திலும் தட்டைக் கற்களைப் பதித்து வையுங்கள். பின்னால் வண்டல் சேர்ந்ததும் பெரணியும் புல்லும் தானே வரும். அதன் பிறகு கல்லுக்கு வேலை குறைவு.

நீர்ப்பிடிப்புத் திட்டக்காரர்கள் ஒரு வாசகம் சொல்வார்கள்: ஓடும் நீரை நடக்க வை, நடக்கும் நீரை நிற்க வை, நிற்கும் நீரை மண்ணுக்குள் இறங்க வை. சமவெளிக்கு அருமையான வாசகம். மலைச்சரிவில் முதல் பாதியோடு நிறுத்திக்கொள்வது நல்லது என்பது என் கருத்து. 2009 நவம்பரில் கேத்தியில் ஒரே நாளில் 820 மில்லிமீட்டர் பெய்தது. மாவட்டம் முழுதும் நூற்றுக்கணக்கான இடங்களில் சரிவு, 40க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அப்படிப்பட்ட மழையில் மண் அரிப்பும் நிலச்சரிவும் ஒன்றல்ல. புல் வேர் மேல் மண்ணைப் பிடிக்கும். மரவேர் பெரும்பாலும் ஒன்றிரண்டு மீட்டர் ஆழம் வரை தைத்து வைக்கும். அதற்குக் கீழே மண் முழுதும் ஊறிக் கனத்து, பாறையின் மேல் வழுக்கினால் மேலே இருக்கும் புல்லும் மரமும் சேர்ந்தே போகும். அதனால் செங்குத்துச் சரிவில் குழி வெட்டித் தண்ணீர் தேக்குவதும், வீட்டுக்காக அடிவாரத்தைப் பொக்லைன் வைத்து அறுப்பதும், ஓடை வழியை மூடிப் பாத்தி ஆக்குவதும் வேண்டாம். ஓடைக்கு இருபுறமும் சில அடியாவது புதரை விட்டு வையுங்கள். கோடையில் வறண்டு கிடக்கும் ஓடை என்று நினைத்துத்தான் பலரும் மூடுகிறார்கள்.

இவ்வளவையும் குத்தகை நிலத்தில் செய்வது எப்படி என்று கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஓரிரு ஆண்டுக் குத்தகையில் எவரும் புல் வளர்த்துக்கொண்டிருக்க மாட்டார். இந்த மலையில் மண் போவதற்கு அறியாமையைவிடக் குறுகிய குத்தகைதான் பெரிய காரணம் என்பேன். நான் நிலத்துக்காரரிடம் ஐந்து ஆண்டுக்குக் குறையாமல் எழுதித் தரச் சொல்லிக் கேட்டேன், பதிலுக்கு முகப்பையும் வடிகாலையும் பராமரிப்பது என் பொறுப்பு என்று எழுதினோம். அவருக்கு நிலம் தேய்வதில்லை, எனக்குப் புல் வேர் பிடிக்க நேரம் கிடைக்கிறது.

தீராத தலைவலி ஒன்று இருக்கிறது: காட்டுப்பன்றி. மண்புழு பெருகிய முகப்பைத் தேடி வந்து முகர்ந்து கிளறிவிட்டுப் போகிறது, காட்டுமாடு மேலே ஏறி மிதிக்கிறது. கிளறிய இடத்தை அன்றைக்கே மிதித்து இறுக்கி, பக்கத்துத் தூரிலிருந்து இரண்டு மூன்று சிம்பு பிரித்து நட்டுவிடுவேன். இதற்காகவே ஓரமாக ஒரு சின்ன நாற்றங்கால் புல் வைத்திருக்கிறேன். புதிதாகத் தொடங்குபவர்கள் ஆனி மாதத் தூறலிலேயே சிம்புகளை ஒரு சாண் இடைவெளிக்குள் நெருக்கமாக நட்டுவிடுங்கள். ஐப்பசி மழை வருவதற்குள் வேர் பிடித்துவிடும். புரட்டாசியில் நட்டால் அந்த ஆண்டு மழைக்கு அது உதவாது.